வாகனச் சத்தம் பின்தொடராத பாதை

அல்ப்ஸ் மலைகள் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கலண்டர்களில் பார்த்த பனிச் சிகரங்கள்தான். அந்தச் சிகரங்களின் அடியில் மனிதர் வாழும் பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. தோட்டம், வாய்க்கால், சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேயும் உண்டு. அப்படியான ஒரு பள்ளத்தாக்கில், ஆற்றங்கரையோடு ஒரு பாதை செல்கின்றது. அதில் காரும் வராது, லொறியும் வராது. காலையில் ஏறினால் மாலைவரை சைக்கிள் உழக்கலாம். நான் ஒரு நாள் அந்தப் பாதையில் போய் வந்தேன். அதை வாசகியருடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகின்றேன்.

எங்கே இருக்கின்றது?

இத்தாலியின் வடக்கு எல்லையில் தென் டிரோல் என்றொரு மாகாணம் இருக்கின்றது. அதன் மேற்கு மூலையில், ஒஸ்ரியாவும் சுவிற்சர்லாந்தும் வந்து தொடும் இடத்தில், வின்ஷ்கவ் பள்ளத்தாக்கு தொடங்குகின்றது. அங்குள்ள ரெஷன் கணவாய் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீற்றர் உயரமானது. அதனருகே பிறக்கும் எட்ஷ் நதி, மெரான் நகரை அடையும்போது 325 மீற்றருக்கு இறங்கிவிடுகின்றது. நம் நாட்டுக் கணக்கில் சொன்னால், பண்டாரவளையிலிருந்து கடற்கரைக்கு இறங்குவது போன்ற இறக்கம். இத்தாலிய மொழியில் இந்த நதிக்கு அடிஜே என்று பெயர். 410 கிலோமீற்றர் ஓடி அத்ரியாற்றிக் கடலில் கலக்கும் இது, இத்தாலியின் இரண்டாவது நீளமான நதியாகும்.

இந்த வழி புதியதல்ல. கி.பி. முதலாம் நூற்றாண்டில், குளோடியஸ் என்ற உரோமப் பேரரசரின் காலத்தில், 'வியா குளோடியா ஒகஸ்ரா' என்ற பெருவீதி இப்பள்ளத்தாக்கினூடாகவே போடப்பட்டது. அது வட இத்தாலியை டனியூப் நதிப் பக்கத்துடன் இணைத்தது. படைகள் நடந்த அந்த வழியின் பெயரையே இன்று சைக்கிள் பாதை தாங்கி நிற்கின்றது.

அக்காவும் சைக்கிளும்

2018ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம், சுவிஸில் இருக்கும் பெரியம்மாவின் மூத்த மகளிடம் போயிருந்தேன். இலங்கைத் தமிழர் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர் வாழும் நாடு அது. அக்கா சூரிச் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறா. அவவுக்கு நான்கு நாள் லீவு கிடைத்தது. எங்காவது மலைப்பக்கம் போவோம் என்றேன். கூட வேலை செய்யும் ஒரு பெண்தான் இந்தப் பாதையைப் பற்றிச் சொன்னா.

"வாறன். ஆனா சைக்கிள் ஓட மாட்டன். நீ ஓடு, நான் ரெயினிலை வந்து மற்றப் பக்கத்திலை நிக்கிறன்" என்றா அக்கா.

அதற்குக் காரணம் இருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இரவில், அக்கா ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தா. அரிசி மூட்டை, சட்டி பானை, அவற்றின் மேலே ஒன்பது வயதில் நான். அந்தச் சைக்கிள் மீது அவவுக்குக் கோபம் எதுவும் இல்லை. அது எங்களைக் காப்பாற்றிய வண்டி. பின்னர் வவுனியாவில், 1999இல், அக்காவும் அவவின் சிநேகிதியும் காலையில் வேலைக்குச் சைக்கிளில் போகும்போது, பின்னால் வந்த ஒரு கனரக வாகனம் சிநேகிதியை அடித்துவிட்டுப் போனது. வாகனம் நிற்கவில்லை. சிநேகிதி அந்த இடத்திலேயே இறந்தா. அடுத்த ஆண்டு அக்கா சுவிஸுக்கு வந்தா. அதன்பின் அவ சைக்கிளைத் தொட்டதே இல்லை.

"பின்னாலை சத்தம் கேட்டா எனக்குக் கை விறைச்சுப் போகும் பிள்ளை. இஞ்சை ஒருத்தரும் அடிக்க மாட்டினம் எண்டு தெரியும். ஆனா கைக்குத் தெரியாது" என்று அவ சொன்னது இன்றும் என் காதில் நிற்கின்றது. சமூகப் பணியில் நான் சந்திக்கும் பல பெண்களும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார்கள்.

மூழ்கிய ஊர்

சூரிச்சிலிருந்து புகையிரதத்தில் ஷெர்நெஸ் என்ற ஊர்வரை வந்து, அங்கிருந்து மஞ்சள் நிறத் தபால் பஸ்ஸில் ஏறினோம். 2,149 மீற்றர் உயரமான ஒஃபென் கணவாயைக் கடந்து எல்லை தாண்டி, மாலையில் மால்ஸ் என்ற ஊரில் இறங்கினோம். ஒரு கமக்காரர் வீட்டில் அறை எடுத்தோம்.

மறுநாள் பஸ்ஸில் மேலே கிரவுன் என்ற ஊருக்குப் போனோம். சைக்கிள் பாதை அந்தப் பக்கத்தில்தான் தொடங்குகின்றது. அங்கே ஒரு பெரிய ஏரி. அதன் கரைக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தேவாலயத்தின் மணிக்கூண்டு மட்டும் மேலெழுந்து நிற்கின்றது. 14ஆம் நூற்றாண்டுக் கோபுரம் அது. மின்சார உற்பத்திக்காக அணை கட்டி, இரண்டு ஏரிகளை ஒன்றாக்கியபோது, 1950ஆம் ஆண்டு பழைய கிரவுன் கிராமம் நீரில் மூழ்கியது. 163 வீடுகளும் 523 ஹெக்ரேயர் நிலமும் போயின. திட்டம் பற்றிய அறிவித்தல் இத்தாலிய மொழியில் ஒட்டப்பட்டிருந்ததாம். ஊராரின் மொழியோ ஜேர்மன். பலர் பள்ளத்தாக்கையே விட்டு வெளியேறினர்.

கரையில் இருந்த அறிவிப்புப் பலகையை அக்கா வாசித்து எனக்குச் சொன்னா. வாசித்து முடித்தபின் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. உல்லாசப் பயணிகள் கோபுரத்தைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே வயதான பெண்கள் இருவர் சைக்கிளில் வந்து, கரையோரப் பாதையால் கதைத்துக்கொண்டே போனார்கள். அவர்களுக்கு எழுபது வயதுக்குக் குறையாது. அக்கா அவர்களை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தா.

அன்றிரவு, "பெண்டுகள் ஓடுற சைக்கிள் இருக்குமோ, பார் இல்லாதது?" என்று கேட்டா.

பாதையில் ஏறினோம்

மால்ஸிலிருந்து மெரான்வரை ஏறத்தாழ 60 கிலோமீற்றர். மேற்பகுதியில் சில இடங்கள் செங்குத்தாக இறங்குவதால் நாங்கள் மால்ஸிலிருந்து தொடங்கினோம். சைக்கிளை ஒரு புகையிரத நிலையத்தில் வாடகைக்கு எடுத்து இன்னொரு நிலையத்தில் விட்டுவிடலாம். இந்த வசதி எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. களைத்தால் அடுத்த நிலையத்தில் விட்டுவிட்டுப் புகையிரதம் ஏறலாம் என்று அக்காவுக்குச் சொன்னேன்.

முதல் அரைமணி நேரம் அவ சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தா. நானும் இறங்கிக் கூட நடந்தேன். குளுர்ன்ஸ் என்ற சின்னஞ்சிறு நகரம் வந்தது. ஏறத்தாழ 900 பேர் வாழும் இந்த நகரைச் சுற்றி முழு மதில் இன்றும் இருக்கின்றது. 1499இல் நடந்த ஒரு போருக்குப் பின் எரிக்கப்பட்ட நகரம் இது. அதன்பின் கட்டிய மதிலே இப்போதுள்ளது. அந்த மதிலோரத்தில் அக்கா ஒரு காலை எடுத்துப் பெடலில் வைத்தா. பிறகு மற்றக் காலையும் வைத்தா. இருபது வருடம் ஓடாத உடம்பு சைக்கிளை மறக்கவில்லை.

பாதை தாரிட்டது. சில இடங்களில் குறுணிக்கல். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் அப்பிள் தோட்டங்கள். பிரதான வீதி தூரத்தில் தெரியும், சத்தம் மெல்லக் கேட்கும். ஆனால் அந்தச் சத்தம் நம் முதுகுக்குப் பின்னால் வருவதில்லை. இதுதான் பெரிய வித்தியாசம்.

முதன்முதலில் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் மணி அடித்தபோது அக்கா திடுக்கிட்டு இறங்கிவிட்டா. ஒரு தாய், முன்னால் குழந்தையை இருத்திக்கொண்டு எங்களைக் கடந்து போனா. கையசைத்தா. அக்கா மீண்டும் ஏறினா. மூன்றாவது மணிக்கு அவ இறங்கவில்லை, கொஞ்சம் விலகி வழிவிட்டா. லாஸ் என்ற ஊர் வரும்போது அவவே மணி அடித்து என்னைக் கடந்தா.

லாஸ் வெள்ளைச் சலவைக்கல்லுக்குப் பேர் போன ஊர். இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்கப் படையினரின் கல்லறைகளுக்கான சிலுவைகள் ஆயிரக்கணக்கில் இங்கிருந்துதான் போயினவாம். ஊர் நடைபாதைகூட அந்தக் கல்லால் ஆனது. அதில் இருந்து பாணும் பழமும் சாப்பிட்டோம்.

பாதை எப்படி உண்டானது?

இந்தப் பாதையை இயற்கை தரவில்லை. முன்பு இந்த நதி பள்ளத்தாக்கு முழுவதும் வளைந்து பரந்து, சதுப்பாகக் கிடந்தது. வெள்ளத்தைக் கட்டுப்படுத்த அதற்குக் கரை கட்டினார்கள். அந்த அணைக்கரையும், தோட்டங்களுக்கிடையிலான ஒழுங்கைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுத்தான் பாதை ஆனது. இருந்ததைக் கொண்டே பெரும்பகுதி அமைந்திருக்கின்றது.

பாதைக்குத் துணை புகையிரதம். மெரானிலிருந்து மால்ஸுக்கான புகையிரதப் பாதை 1906இல் திறக்கப்பட்டது. இலாபமில்லை என்று 1990இல் மூடிவிட்டார்கள். அதே 1990இல்தான் நமது யாழ்தேவியும் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்தியது. அங்கே கணக்குப் புத்தகம் காரணம், இங்கே போர். அந்த மாகாண நிர்வாகம் பாதையைத் தன் பொறுப்பில் எடுத்துத் திருத்தி, 2005இல் மீண்டும் திறந்தது. நமக்கு 2014வரை காத்திருக்க நேர்ந்தது. புகையிரதம் வந்தபின் சைக்கிள்காரருக்கு ஏற்றப் பயம் இல்லாமற் போயிற்று. இறக்கத்தில் ஓடிவிட்டு, மேலே புகையிரதத்தில் திரும்பலாம். வயதானவர்களும் குழந்தையுள்ள தாய்மாரும் பாதைக்கு வருவது இதனால்தான்.

வாய்க்காலும் மொழியும்

வின்ஷ்கவ் அல்ப்ஸில் மழை மிகக் குறைந்த பள்ளத்தாக்குகளில் ஒன்று. வருடத்துக்கு 500 மில்லிமீற்றர் அளவுதான். யாழ்ப்பாணத்துக்குக் கிடைக்கும் மழையில் பாதிகூட இல்லை. ஆகவே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மலையிலிருந்து பனி உருகும் நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். அந்த வாய்க்காலை 'வால்' என்கிறார்கள். அதைக் காக்க ஓர் ஆள் இருப்பார். வாய்க்காலில் சிறு நீர்ச்சக்கரம் ஒன்றைப் பொருத்தி, அது சுழலும்போது சுத்தியல் தட்டும்படி செய்திருப்பார்கள். தட்டும் சத்தம் கேட்டால் தண்ணீர் ஓடுகின்றது என்று அர்த்தம். சத்தம் நின்றால் அவர் எழும்பி ஓடுவார். சத்தம் கேட்டால் நிம்மதி என்று வாழ்ந்த மனிதரும் இருக்கிறார்கள் என்று அக்காவும் நானும் பேசிக்கொண்டோம்.

பாதையில் ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஜேர்மன், இத்தாலியன் என்று இரு மொழிகளிலும் எழுதப்பட்டிருந்தன. அதற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. முதலாம் உலகப் போருக்குப் பின், 1919ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இப்பிரதேசம் ஒஸ்ரியாவிடமிருந்து இத்தாலிக்குப் போனது. முசோலினியின் ஆட்சியில் ஜேர்மன் மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது வீடுகளிலும் கொட்டில்களிலும் இரகசியமாகப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பித்தவர்களில் பெரும்பாலானோர் இளம் பெண்கள். பிடிபட்டவர்கள் தண்டனை அனுபவித்தார்கள். பல வருடப் பேச்சுவார்த்தைகளுக்கும், இடையே வெடித்த குண்டுகளுக்கும் பின், 1972இல் மாகாணத்துக்கு விரிவான சுயாட்சி கிடைத்தது. புகையிரதத்தையும் பாதையையும் மாகாணமே பொறுப்பெடுக்க முடிந்ததற்கு அந்த அதிகாரமும் ஒரு காரணம்.

அங்கே எல்லாம் நல்லபடி என்று சொல்ல வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் விளையும் அப்பிளில் பத்தில் ஒரு பங்களவு தென் டிரோலில் விளைகின்றது. பழம் பறிக்கும் கூலி வேலைக்குக் கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பிள்ளைகளை ஊரில் விட்டு வந்த ருமேனியப் பெண் ஒருவரிடம் அக்கா கதைத்தா. இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஜேர்மன் போதுமாக இருந்தது. தோட்டங்களுக்கு அடிக்கும் கிருமிநாசினியும் ஒரு பிரச்சினை. 2014இல் மால்ஸ் ஊரார் அதற்குத் தடை கேட்டு வாக்களித்தார்கள். வாக்களித்தோரில் நான்கில் மூன்று பங்கினர் தடையை ஆதரித்தார்கள். ஊர்ப் பெண்கள் அதில் முன்னின்றார்கள். ஆனால் பின்னர் அந்தத் தடை நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை.

நின்ற உழவு இயந்திரம்

கஸ்ரெல்பெல் என்ற ஊரைத் தாண்டியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். பாதையின் சில பகுதிகளில் தோட்டக்காரரின் உழவு இயந்திரங்கள் வர அனுமதி உண்டு. அறுவடைக் காலமானதால், அப்பிள் நிரப்பிய பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒன்று எங்களுக்குப் பின்னால் வந்தது. கனமான டீசல் சத்தம். நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவ சைக்கிளை ஓரத்தில் நிறுத்தி, ஹாண்டிலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றா. முகம் வெளிறிவிட்டது.

உழவு இயந்திரம் எங்களுக்குப் பின்னால் நின்றது. ஓட்டிய மனிதர் என்ஜினை நிறுத்தினார். தொப்பியைச் சற்றுத் தூக்கி, போங்கள் என்று கையால் காட்டினார். அவர் அவசரப்படவில்லை, ஹோர்ன் அடிக்கவில்லை. நாங்கள் அவருக்கு முன்னால் இருந்தோம், அதனால் அவர் நின்றார். அங்கே அது வழக்கம்.

அக்கா உடனே ஏறவில்லை. இரண்டு நிமிடம் சென்றிருக்கும். அவ்வளவு நேரமும் அந்த மனிதர் காத்திருந்தார். பிறகு அக்கா ஏறி உழக்கத் தொடங்கினா. கொஞ்சத் தூரம் போனபின் எனக்குக் கேட்கும்படி, "அவர் என்ஜினையே நிப்பாட்டிப்போட்டார், கண்டனியோ?" என்றா. அவவின் குரல் உடைந்திருந்தது. நாட்டூர்ன்ஸ் வரும்வரை அதையே மூன்று நான்கு தரம் சொன்னா.

மெரானுக்குச் சற்று முன்னே டோல் என்ற இடத்தில் பள்ளத்தாக்கு சட்டென்று கீழே விழுகின்றது. பாதை வளைந்து வளைந்து இறங்குகின்றது. கீழே மெரான் நகரமும் திராட்சைத் தோட்டங்களும் தெரிந்தன. அக்கா பிறேக்கைப் பிடித்தபடி, ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று, ஆனால் சைக்கிளை விட்டு இறங்காமல் வந்து சேர்ந்தா. சைக்கிள்களை நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு மால்ஸுக்குப் புகையிரதம் ஏறினோம். யன்னலால் நாங்கள் வந்த பாதையைப் பார்த்தபடியே திரும்பினோம்.

நமக்கு என்ன?

அல்ப்ஸுக்கு எல்லோராலும் போக முடியாது. போகவும் தேவையில்லை. சைக்கிள் நமக்குப் புதிதல்ல. எரிபொருள் இல்லாத காலத்தில் பள்ளிக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நம் பெண்களைச் சுமந்தது லேடீஸ் சைக்கிள்தான். இன்றும் குடும்பத்தைத் தனியே தாங்கும் பல பெண்களுக்கு அதுவே வாகனம். வீதிகள் இப்போது அகலமாகி, காப்பெற் போட்டு அழகாக இருக்கின்றன. அந்த வீதிகளின் விளிம்பில், பஸ்ஸுக்கும் டிப்பருக்கும் பயந்து பயந்துதான் அவள் போகிறாள்.

அந்தப் பள்ளத்தாக்கில் நான் கண்டது இரண்டு விடயங்கள். ஒன்று, இருக்கும் அணைக்கரையையும் ஒழுங்கையையும் சேர்த்தே ஒரு பாதை அமைக்கலாம். நமக்கும் குளக்கட்டுகளும் வாய்க்கால் கரைகளும் உண்டு. மற்றது, பெரிய வாகனம் சிறிய வண்டிக்கு நிற்பது என்பது ஒரு பழக்கம். அதைச் சட்டத்தாலும் பழக்கத்தாலும் உண்டாக்க முடியும்.

நான் வேலை செய்யும் கிளிநொச்சிக் கிராமம் ஒன்றில் ஏழு பெண்கள் தையல் நிலையத்துக்கு வாய்க்கால் கரையால் சேர்ந்து போய் வருகிறார்கள். அந்தக் கரையை மணல் டிப்பர்களும் குறுக்குப் பாதையாகப் பாவித்தன. மாதர் சங்கத்துக் கூட்டமொன்றில் அக்காவின் கதையைச் சொன்னேன். பலநாள் பேசியபின், கமக்காரர் அமைப்புடன் சேர்ந்து கரையின் இரு முனைகளிலும் கொங்கிறீற் தூண்கள் நட ஏற்பாடாயிற்று. சைக்கிள் போகலாம், லான்ட்மாஸ்ரரும் போகலாம், டிப்பர் போகாது. பிரதேச சபைக்கும் எழுத்தில் கொடுத்து அனுமதி பெற்றார்கள். தூண் நடுவதற்கான குழிகளைப் பெண்களே வெட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தில், கணவனை இழந்த ஒரு தாய் கதை முடிந்ததும் என்னிடம் கேட்டா: "தங்கச்சி, அந்த மனிசன் உண்மையாவே என்ஜினை நிப்பாட்டினவரோ?"

"ஓம் அம்மா, நிப்பாட்டினவர்" என்றேன்.

"அப்ப எங்கட ஆக்களும் நிப்பாட்டலாம்தானே" என்றா அவ. அந்தத் தூண்கள் பற்றிய பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.